வீல் அலைன்மென்ட்டுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

நம் வயசுக்காரர்கள் பலரிடம் இப்போது ஒரு சின்ன கார் இருக்கிறது. பெரும்பாலும் மாருதி 800 அல்லது ஆல்ட்டோ. திருச்செந்தூர் மார்க்கெட், பேங்க், மாதம் ஒரு தடவை தூத்துக்குடி ஆஸ்பத்திரி, எப்போதாவது மணப்பாடு, உவரி. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். இந்தக் காருக்கு வீல் அலைன்மென்ட் எப்போது பார்க்க வேண்டும், யார் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் கண்டிப்பாக வேண்டும். ஆனால் அளந்த கணக்கைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

நான் துறைமுகத்தில் எடைமேடைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லாரி காலியாக ஏறும்போது ஒரு எடை, சரக்கோடு ஏறும்போது ஒரு எடை. இரண்டும் சீட்டில் அச்சாகி வந்தால்தான் கேட் திறக்கும். டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாய்க்கணக்கு செல்லாது. அலைன்மென்ட்டும் அளவு பார்க்கும் வேலைதான். திருகுவதற்கு முன்னால் என்ன அளவு, திருகிய பின்னால் என்ன அளவு என்ற இரண்டு கணக்கும் அந்த மெஷினிலேயே இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

அலைன்மென்ட் என்றால் மூன்று விஷயம். சக்கரத்தை மேலிருந்து பார்த்தால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். ஸ்டியரிங் திரும்புகிற அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருப்பது காஸ்டர். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேராகிறதே, அதில் காஸ்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

டயரைச் சீக்கிரம் தின்பது டோ. ஆல்ட்டோ டயரின் உயரம் சுமார் 54 செ.மீ. சக்கரம் வேண்டிய அளவைவிட கால் டிகிரி திரும்பியிருந்தால், டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் சுமார் 2 மி.மீ.தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கால் டிகிரியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது 43 கிலோமீட்டர். ஏறக்குறைய ஆலந்தலையிலிருந்து தூத்துக்குடி வரை டயரைத் தார்ரோட்டில் குறுக்கே தேய்த்துக்கொண்டே போனதற்குச் சமம். பென்ஷன் பணத்தில் வாங்கிய டயர் எங்கே போனது என்று இப்போது புரிகிறதா?

நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முக்கியமான விஷயம் இன்னொன்று. 800, ஆல்ட்டோ போன்ற வண்டிகளில் திருகிச் சரிசெய்ய இருப்பது முன்சக்கர டோ மட்டும்தான். இரண்டு பக்கமும் உள்ள டை ராடைத் திருகுவார்கள். கேம்பரும் காஸ்டரும் திருகுகிற அமைப்பு இல்லை. பின்சக்கரத்துக்கும் கிடையாது. கேம்பர் அளவு தப்பியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும்.

ஆனால் சில கடைகளில் என்ன செய்கிறார்கள்? ஹைட்ராலிக் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நெம்பி வளைத்து, "கேம்பர் சரி பண்ணியாச்சு" என்று தனியாகக் காசு வாங்குகிறார்கள். வளைந்த இரும்பை மறுபடி வளைத்தால் அது வலுவாகுமா? அந்தச் சக்கரத்தை நம்பித்தான் வீட்டம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுகிறோம்.

போன வருஷம் ஒரு கடையில் ஒரு பையன் என்னிடம், "அண்ணாச்சி, கேம்பர் அவுட்டு. ஜாக்கி வச்சு நெம்பணும்" என்றான். "முதல்ல சீட்டைக் காட்டு தம்பி" என்றேன். பிரிண்டரில் பேப்பர் இல்லையாம். "சரி, திரையைப் போனில் போட்டோ எடுத்துக்கிறேன்" என்று போய்ப் பார்த்தால், கேம்பர் இரண்டு பக்கமும் பச்சையில் நிற்கிறது. டோ மட்டும்தான் சிவப்பு. பையன் ஒன்றும் பேசாமல் டோவைத் திருகிக் கொடுத்தான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

"5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்க" என்று கடைகளில் சொல்வார்கள். தினமும் ஓடுகிற டாக்சிக்கு அது சரி. நம் வண்டிக்கு அந்தக் கணக்குப்படி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் என்னென்னவோ நடந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு எத்தனை ரோடு அரித்துக் கிடந்தது! அப்படி ஒரு பள்ளத்தில் 'டமார்' என்று ஒருமுறை இறங்கினால், கிலோமீட்டர் கணக்கு பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அதேபோல் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் எதை மாற்றினாலும் உடனே பார்க்க வேண்டும். டயர் புதிதாகப் போட்டாலும் பார்த்துவிடுவது நல்லது.

வண்டி சொல்லும் அடையாளங்களும் உண்டு. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால் அலைன்மென்ட். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பும் திரும்பத் தடவினால் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங், அலைன்மென்ட் அல்ல. டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு; நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். வண்டி லேசாக இடதுபக்கம் போனால் பயப்பட வேண்டாம். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று ரோட்டையே அப்படிச் சாய்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். பலமாக இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு அலைன்மென்ட்.

கடற்கரையில் இருக்கிற நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் டை ராடின் லாக் நட் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு பக்க நட் அசையாவிட்டால், அசைகிற பக்கத்தை மட்டும் திருகி அளவைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சீட்டில் எல்லாம் சரியாக இருக்கும், ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். அதனால் சீட்டோடு விடாமல், அந்தக் கடைப் பையனையும் ஏற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸின்போது அந்த நட்டுகளில் துரு நீக்கும் ஆயில் அடிக்கச் சொல்லுங்கள்.

"நூறு இருநூறுக்காக இந்த வயசில் கடையில் போய் வாதாட வேண்டுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த நூறு இருநூறைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அலைன்மென்ட் தப்பிய டயர் பல சமயம் உள்ஓரத்தில்தான் தேயும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும். குனிந்து எட்டிப்பார்க்க நம் முதுகு இடம் கொடுக்காது. கல்லாமொழி அனல்மின் நிலையத்துக்கு லாரிகள் ஓடுகிற ரோட்டில், இரவு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நூல் தெரியத் தேய்ந்த முன்டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கவலை அதுதான்.

குனியாமல் பார்க்க ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு இறங்குங்கள். டயரின் முகம் நம் பக்கம் திரும்பி நிற்கும். பள்ளங்களுக்குள் சின்ன மேடு மாதிரி அடையாளம் இருக்கும், அது 1.6 மி.மீ. உயரம். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை காற்று அடிக்கும்போது இதைச் செய்யலாம்.

மெஷினும் தப்பு சொல்லுமே என்றால், சொல்லும். உங்கள் காரின் மாடலைத்தான் திரையில் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேறு மாடல் போட்டால் அதற்குரிய அளவுக்குத்தான் பச்சை காட்டும். இதையும் பார்க்கிற ஆள் வந்திருக்கிறார் என்று தெரிந்தாலே கடையில் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஆர்.சி., இன்சூரன்ஸோடு அலைன்மென்ட் சீட்டையும் டாஷ்போர்டில் வையுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டையும் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திருகியது நிற்கிறதா, எந்தப் பாகமாவது தேய்கிறதா என்று நமக்கே தெரிந்துவிடும். சீட்டோ திரையோ காட்ட மாட்டேன் என்கிற கடையில் வண்டியை ஏற்றாதீர்கள். தூத்துக்குடி வரை எத்தனையோ கடை இருக்கிறது.