டெல்லி எவ்வளவு தூரம்?

தோழர்களே, ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போமா?

சென்னையிலிருந்து டெல்லிக்கு வான்வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர். விமானம் ஏறினால் மூணு மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம். "அவ்வளவுதானே, காலையில போய் ராத்திரி திரும்பிடலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. சொல்றவங்க யாருன்னு பாருங்க. டிக்கெட் விலையைப் பார்க்காம பயணம் போறவங்க!

ரயிலில் போனால் அதே டெல்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். கன்னியாகுமரிக்காரர் என்றால்? திருக்குறள் எக்ஸ்பிரஸில் சுமார் 2,900 கிலோமீட்டர், இரண்டு நாள். போக ரெண்டு, வர ரெண்டு. நாலு நாள் கூலி போச்சு.

எதுக்கு இந்தக் கணக்கு? உச்ச நீதிமன்றம் டெல்லியில் மட்டும்தான் இருக்கு!

நிலத் தகராறில் ஒரு விவசாயி உயர் நீதிமன்றம் வரை போராடி ஜெயிக்கிறார்னு வைங்க. எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றம் போனால், ஜெயிச்சதைக் காப்பாத்த அவரும் டெல்லியில் வக்கீல் பிடிக்கணும். கட்டு கட்டா ஆவணம் அனுப்பணும். கடைசியில "வாய்தா"ன்னு ஒரே வார்த்தை. பணம் இருக்கிற எதிராளிக்கு இந்தத் தூரமே இன்னொரு வக்கீல்.

சட்டம் தடுக்குதா? இல்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி தீர்மானிக்கும் வேறு இடங்களிலும் உச்ச நீதிமன்றம் அமரலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு. 2009-இல் சட்ட ஆணையம் தன் 229-ஆவது அறிக்கையில் நான்கு மண்டலங்களில் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும் என்றது. தெற்குக்குச் சொன்ன இடம் சென்னை அல்லது ஹைதராபாத். உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒன்றிய அரசோ "அது நீதிமன்றத்தின் முடிவு" என்று ஒதுங்கிக்கொள்கிறது.

"காணொளி விசாரணை இருக்கே?" இருக்கு, நல்லதுதான். ஆனா காணொளி வக்கீல் ஃபீஸைக் குறைக்காது. தன் ஊர் வக்கீலிடம் தன் மொழியில் நேரில் உட்கார்ந்து வழக்கை விளக்கும் வாய்ப்பையும் தராது.

நம்மிடமே ஒரு முன்னுதாரணம் இருக்கு. குமரி மக்கள் ஒருகாலத்தில் உயர் நீதிமன்ற வழக்குக்கு 700 கிலோமீட்டர் தாண்டி சென்னைக்கு அலைஞ்சாங்க. 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறந்தது. உயர் நீதிமன்றத்தின் மதிப்பு குறைஞ்சுதா? இல்லையே! தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் நடக்குது. அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் என்ன தடை?

டெல்லியை நகர்த்தச் சொல்லலை. நீதியை நாலு அடி நகர்ந்து வரச் சொல்றோம்.

உங்க தொகுதி எம்.பி. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்தக் கேள்வியைக் கேளுங்க. பகிருங்க.

#சென்னையில்_உச்சநீதிமன்றக்_கிளை