வட்டிலாக் கணிப்பொறியும் வாயிலில் நிற்கும் தமிழும்

புதுவை ஒன்றியப் பகுதியில் தமிழே ஆட்சிமொழி என்று 1965-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தாயிற்று. அச்சட்டம் ஆங்கிலத்துக்கும் ஒரு பின்வாயிலைத் திறந்து வைத்தது. அதுவே இன்று தலைவாயிலாகிவிட்டது. கடற்கரையை ஒட்டிய தெருப் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சுக்குக்கூட இடமுண்டு. நாம் பார்த்த பள்ளிக் கணிப்பொறி அறைகளிலோ, நம் பிள்ளைகள் திரையில் காணும் முதற்சொல் ஆங்கிலம். ஏனென்று வினவினால், "ஐயா, இருபது பொறிகளிலும் ஒவ்வொன்றாக அமர்ந்து தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் யார் நிறுவுவது? நிறுவினாலும் அடுத்த கிழமையே பிள்ளைகள் கலைத்துவிடுகிறார்கள்" என்று விடை வருகிறது. இவ்விடையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயின் இந்நோய்க்கு மருந்து நாற்பதாண்டுகட்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது.

1980-களில் வன்வட்டு விலைமிக்க பொருள். ஆதலால், 1982-இல் தோன்றிய சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் வட்டே இல்லாத யூனிக்சுப் பணிப்பொறிகளைச் செய்து விற்றது. மேசைமேல் உள்ள பொறிக்குச் செயலியும் நினைவகமும் திரையும் உண்டு. வட்டு மட்டும் இல்லை. எல்லாப் பொறிகளின் கோப்புகளும் வழங்கி எனப்படும் ஒரே பெரும்பொறியில் இருக்கும். அவற்றை வலைவழியே தன் வட்டில் உள்ளவைபோலப் படிக்கும் முறையையும் அந்நிறுவனமே 1984-இல் வகுத்தது. இவற்றை நாம் வட்டிலாப் பொறிகள் என்போம். (வட்டு என்னும் குற்றியலுகரச் சொல் 'இலா'வொடு புணர்ந்தது, உண்ணும் வட்டிலை எண்ணி யாரும் மயங்க வேண்டா.)

அப்பொறி விழித்தெழும் முறை அழகியது. மின்விசையைத் தட்டியதும், தன் வலையட்டையின் எண்ணைச் சொல்லி, "நான் யார்?" என்று வலை முழுதும் கேட்கக் கூவும். வழங்கி தன் பதிவேட்டில் அவ்வெண்ணைத் தேடி, "உன் முகவரி இது, உன் கருநிரல் இங்குள்ளது" என்று விடையிறுக்கும். பொறி அக்கருநிரலை இறக்கிக்கொண்டு எழும். பின்னர் வழங்கியிலுள்ள கோப்புமரத்தைத் தன்னதாக இணைத்துக்கொள்ளும். இன்றைய பள்ளி அமைப்புகளில் அம்மரம் படிப்பதற்கு மட்டுமே திறந்திருக்கும். மாணவன் எதைக் கலைத்தாலும் அக்கலைப்பு நினைவகத்தோடு நின்று, பொறியை அணைத்ததும் மறையும். அவன் எழுதிய கட்டுரை மட்டும் வழங்கியில் அவன் பெயருக்குரிய அறையில் நிலைக்கும். நாளை எந்தப் பொறியில் அமர்ந்தாலும் அதுவே அவன்முன் வரும்.

தமிழுக்கு இதனால் வரும் ஆக்கம் வெளிப்படை. வழங்கியில் ஒருமுறை தமிழ் எழுத்துருக்களையும், தமிழ்99 விசைப்பலகையையும், தமிழ்ப் பட்டிகள் கொண்ட மென்பொருள்களையும் நிறுவிவிட்டால், இருபது பொறிகளும் காலையில் தமிழிலேயே கண்விழிக்கும். "யார் நிறுவுவது?" என்னும் வினாவுக்கு இனி இடமில்லை.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. நார்வே நாட்டில் 2001-இல் 'சுகூல்லினக்சு' என்னும் பள்ளி அமைப்பைத் தொடங்கினர். வட்டிலாப் பொறிகளை ஒரு வழங்கியிலிருந்து இயக்குவது அதன் ஒரு நோக்கம். மென்பொருளைத் தம் மொழியிலேயே பிள்ளைகட்குத் தருவது மற்றொன்று. அந்நாட்டின் இரு எழுத்துமொழிகளில் சிறுபான்மையர் எழுதும் நீநோர்சுக்கும், வடபுலப் பழங்குடியினரின் சாமி மொழியும் அதில் இடம்பெற்றன. மைக்ரோசாப்டு தன் அலுவல் மென்பொருளை நீநோர்சுக்கில் தராதிருந்தபோது, "வாங்க மாட்டோம்" என்று பள்ளிகள் எழுந்து நின்றன, நிறுவனம் இணங்கிற்று. அந்நாட்டு மக்கள்தொகை முழுதும் கூட்டினாலும் சென்னை மாநகர்க்கு ஈடாகாது. நம் மாகியைச் சூழ்ந்துள்ள கேரளத்திலும் அரசுப் பள்ளிகள் இலினக்சையும் மலையாளத்தையும் சேர்த்தே கற்பிக்கின்றன. அங்கு வட்டிலா முறையைக் கைக்கொள்ளாமலேயே அதனைச் செய்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எளிதென்று சொல்லி ஏமாற்ற நமக்கு விருப்பமில்லை. வழங்கி படுத்தால் அறை முழுதும் படுத்துவிடும். ஆதலால் அதற்குத் தடையிலா மின்கலம் வேண்டும். ஒன்றன் படியாக மற்றொன்று இயங்கும் இரு வட்டுகள் வேண்டும். மாணவர் கோப்புகளை நாள்தோறும் வேறிடத்தில் படியெடுத்தல் வேண்டும். அன்றைய வலை நொடிக்கு 10 மெகாபிட்டே சுமந்ததால், எல்லாரும் ஒருங்கே பொறியைத் திறக்கும்போது திணறியது. இன்று வழங்கியிலிருந்து செல்லும் வடமேனும் 1 கிகாபிட்டு சுமக்க வேண்டும். கம்பியில்லா இணைப்பை இதற்கு நம்ப வேண்டா. இணைய இணைப்புப் பெட்டியும் வழங்கியும் ஒருங்கே முகவரி கொடுக்கப் புகுந்தால் பொறிகள் மயங்கி நிற்கும். இரண்டும் ஒத்துப்போகுமாறு முதலிலேயே அமைத்துவிட வேண்டும். புதிய மென்பொருளைச் சேர்க்குமுன் பழைய கோப்புமரத்தை அழிக்காது வைத்து, ஒரு பொறியில் பார்த்து, பிறகே ஏனையவற்றுக்குத் திறத்தல் நன்று.

விரைவு வேண்டுவதற்கு ஒரு கரணியம் உண்டு. மைக்ரோசாப்டு தன் பத்தாம் விண்டோசுக்குரிய பொதுப் பேணலை 2025 அக்தோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பழைய பொறிகள் பலவற்றைப் பதினோராம் பதிப்பு ஏற்காது. அவை பழம்பொருள் கடைக்குப் போகும். புதியவை மீண்டும் ஆங்கிலத் திரையோடு வந்திறங்கும். அவற்றுள் பெரும்பாலானவை வட்டிலாப் பொறியாக இன்னும் பல்லாண்டு உழைக்க வல்லவை. அவற்றைக் கழிக்குமுன், புதுவைக் கல்வித்துறை ஒரேயொரு பள்ளியில், இருபது பழம்பொறிகளையும் ஒரு வழங்கியையும் கொண்டு ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். பெற்றோர் கழகங்களில் உள்ள நம் அன்பர்கள் இதனை எழுத்தால் கேட்டு, விடையையும் எழுத்தாலேயே பெற்று நமக்கு விடுக்க வேண்டுகிறோம்.