அடுப்படி விஞ்ஞானம்: ஆவி பொல்லாதது!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா வாங்காமல் திரும்புவோமா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! பால் சீக்கிரம் பொங்கிவிடுகிறது. கோவாவாகத் திரள மட்டும் ஏன் அவ்வளவு நேரம்?

பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகிப் போனால்தான் கோவா. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதையே ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். அடேயப்பா! இத்தனை வெப்பமும் டிகிரியை ஏற்றாமல் ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது. உள்ளுறை வெப்பம் என்பது இதுதான்.

அந்த ஆவி கையிலே பட்டால்? தோலில் தண்ணீராக மாறி, ஒளித்து வைத்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடுவது இதனால்தான்.

ஆகவே சகோதரிகளே, இட்லிப்பானையைத் திறக்கும்போது மூடியின் எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்குங்கள். ஆவி அப்பால் போய்விடும். தப்பித்தவறிப் பட்டுவிட்டதா? வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்டுங்கள். இங்க், பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குழந்தைக்குப் பட்டால் தாமதமே கூடாது.