வளைவு மட்டும் போதுமா?



போன வாரம் பேரனோடு ஏற்காடு போனேன். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி, "இது என்ன தெரியுமா?" என்றேன். "செல்ஃபி எடுக்கிற இடம் தாத்தா" என்றான். அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் மலை ஏறும் வரை மனசு ஆறவில்லை.

டி.ஆர்.சுந்தரம் என்ற பெயரில் உள்ள 'டி' நம்ம திருச்செங்கோடு. லீட்ஸில் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர், 1930-களின் மத்தியில் சேலத்தில் சினிமாவுக்கே ஒரு மில் கட்டினார். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அந்த நிறுவனம் எடுத்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். இன்று அங்கே வீடுகள். மிஞ்சியது வளைவு.

குடியிருப்பவர்களைக் கிளப்பச் சொல்லவில்லை. அது நியாயமும் இல்லை. ஆனால் மற்ற ஊர்களைப் பாருங்கள். கொச்சியில் ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கிடங்கு வளாகத்தில்தான் 2012-ல் கலைத் திருவிழா தொடங்கியது. இன்று உலகமே அதை அறியும். வடபழனியில் ஏவி.எம். தன் பழைய கேமராக்களையும் கார்களையும் வைத்து 2023-ல் அருங்காட்சியகம் திறந்தது. நமக்கு இடம் போய்விட்டது, சரி. நினைவுமா போக வேண்டும்?

எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருந்தார். அந்த ஸ்டூடியோவில் செட் போட்டவர். "முன்னால பார்த்தா அரண்மனை, பின்னால பார்த்தா சாக்கும் சட்டமும்தான் சார்" என்பார். எத்தனையோ சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் 'நோட்ஸ் எடு' என்று சொன்ன வாத்தியார் நான்! அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சேலத்தில் ஒரு பொதுக் கூடம் போதும். மாதம் ஒரு பழைய படம், சுவரில் புகைப்படங்கள், அங்கே வேலை பார்த்தவர்களின் குரல் பதிவு. நடிகர்கள் பெயர் எப்படியும் நிற்கும். தச்சர், தையல்காரர், லைட்மேன் பெயரை நாம்தான் நிறுத்த வேண்டும்.

மாநகராட்சியிலும் கல்லூரிகளிலும் இருக்கும் என் பிள்ளைகள் இதை யோசியுங்கள். மற்றவர்கள், வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் படமோ சம்பளச் சீட்டோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். நான் விட்ட தப்பை நீங்கள் விட வேண்டாம்.