டீசலுக்குக் கொட்டுகிறார்கள், பேட்டரிக்கு மட்டும் கை நடுங்குகிறதா?

வியாபாரச் சகோதரர்களே! 2012 மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். கோவில்பட்டியில் கடைக்குக் கடை, தீப்பெட்டி ஆபீசுக்கு ஆபீஸ் ஜெனரேட்டர் உறுமிய காலம். அன்று போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை யூனிட் மின்சாரம். லிட்டர் 90 ரூபாய் என்றால் எண்ணெய்ச் செலவு மட்டும் யூனிட்டுக்கு 26 முதல் 30 ரூபாய்!

நமக்கு அந்தத் தொல்லை சில ஆண்டுகளில் தீர்ந்தது. அதையே தலைவிதியாகச் சுமப்பவர்கள் லட்சத்தீவு மக்கள். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். நூற்றுக்கு 96 பேர் முஸ்லிம்கள். பத்துத் தீவுகளில் வாழும் இவர்களுக்கு விளக்கு எரிவது பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கும் டீசலில்தான். செலவில் பெரும்பங்கை அரசு மானியமாகக் கட்டுகிறது. அது யார் பணம்? நீங்களும் நானும் கட்டும் வரிப்பணம்!

வெயில் கொட்டிக் கிடக்கிறதே, பகலில் பேட்டரியில் சேமித்து இரவில் எரித்தால் என்ன என்று கேட்டால், "பேட்டரி விலை அதிகம்" என்கிறார்கள். இது பழைய பல்லவி. உலகச் சந்தையில் ஒரு யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி 2010-ல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் சராசரி 115 டாலர். ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். நாலாயிரம் முறை ஏற்றி இறக்கலாம் என்று வையுங்கள். ஒரு யூனிட்டைச் சேமிக்க இரண்டரை ரூபாய். கப்பல் கூலி, இன்வெர்ட்டர், உப்புக்காற்று புகாத அறை என்று மும்மடங்காக்கினாலும் ஏழரை. சூரிய மின்சாரத்துக்கு ஐந்து ரூபாய் சேர்த்தால் பன்னிரண்டரை. டீசலில் பாதிகூட இல்லை!

பின் தடை எது? டீசல் செலவு சொட்டுச் சொட்டாகப் போகிறது. யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பேட்டரிக்கு முதல் முழுவதையும் முதல் நாளே போட வேண்டும். கடன் வாங்கினால் வட்டி ஏறி விலையை விழுங்கிவிடும். வட்டியின் கேடு நமக்குச் சொல்லித் தர வேண்டியதா? அதனால்தான் கடன் வேண்டாம், மானியம் கொடு என்கிறோம்.

மானியம் கொடுக்க மத்திய அரசுக்குத் தெரியாதா? இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டத்தை 2021-ல் சீன நிறுவனத்துக்குத் தர கொழும்பு முன்வந்தது. டெல்லி பதறியது. 1 கோடியே 10 லட்சம் டாலர் நன்கொடை தருவதாகச் சொல்லி, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வாங்கியது. அதில் காற்றாலை உண்டு, சூரியத் தகடு உண்டு, 2,400 யூனிட் பேட்டரியும் உண்டு. அந்தத் தமிழ் மக்களுக்குக் கொடுத்தது நியாயமே. ஆனால் சீனா எட்டிப் பார்த்தால்தான் பெட்டி திறக்குமா?

கவரத்தியில் 2024 ஜனவரி 3 அன்று பிரதமர் பேட்டரியுடன் கூடிய சூரிய மின் நிலையத்தைத் திறந்தார். பேட்டரியின் கொள்ளளவு 1,400 யூனிட். பதினோராயிரம் பேருக்கு மேல் வாழும் தீவில் ஆளுக்கு அரைக்கால் யூனிட்! 2021-ல் தீவு மக்களின் நிலத்தை எடுக்க வழிசெய்யும் சட்ட வரைவைக் கொண்டுவந்த வேகம் இதில் எங்கே போனது?

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெயில் இராது. அப்போது டீசல் வேண்டியதுதான். நெடுந்தீவுத் திட்டத்திலும் டீசல் எஞ்சின் உண்டு. ஆபத்துக்கு உதவும் எஞ்சினை அன்றாடத்துக்கு ஓட்டுவதைத்தான் கண்டிக்கிறோம்.

இளைஞர்களே! யூசுஃப் நபி (அலை) விளைந்த ஏழாண்டில் சேமித்துப் பஞ்ச ஏழாண்டைக் கடத்தினார்கள். நம் கரிசல் சம்சாரியும் கம்பையும் சோளத்தையும் குலுக்கையில் போட்டுத்தான் கோடையைத் தாண்டினான். குலுக்கை செய்யக் காசில்லை என்று எவனும் தானியத்தை வெயிலில் கொட்டியதில்லை.

தீவுவாரியாக டீசல் செலவு எவ்வளவு, பேட்டரி செலவு எவ்வளவு? உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். கணக்கு வெளியே வரட்டும். சாக்கு உள்ளே போகும், இன்ஷா அல்லாஹ்!