'அப்பா என்ன செய்கிறார்?': நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் சாதி



கல்லூரிகளில் வேலைவாய்ப்பு முகாம் நெருங்கிவிட்டால் ஒரு பட்டியல் கைமாறும். நேர்முகத் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். அதில் 'உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது கட்டாயம் இருக்கும். அப்பா வங்கி மேலாளர், அண்ணன் அமெரிக்காவில் என்று சொல்ல முடிந்தவருக்கு அது மூச்சுவிட்டுக்கொள்ளக் கிடைத்த எளிய கேள்வி. அப்பா துப்புரவுப் பணியாளர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார் என்று சொல்ல வேண்டியவருக்கு உண்மையான தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

இதை நம்முடைய தாழ்வு மனப்பான்மை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. அவர்கள் படிக்க வேண்டிய ஆய்வுகள் சில இருக்கின்றன.

சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த 25 மேலாளர்களிடம் பேசினார்கள். 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் அந்த ஆய்வு வெளியானது. நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று மேலாளர்கள் சொன்னார்கள். அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியை விசாரிப்பது அவசியம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவன்தான் நல்ல ஊழியனாக இருப்பான் என்பது அவர்களின் நம்பிக்கை. எது நல்ல குடும்பம்? படித்த, நகரத்து, நடுத்தர வர்க்கக் குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்கள் அந்த வரையறைக்குள் எப்படி வருவார்கள்? சாதி என்ற சொல் ஒருமுறைகூட உச்சரிக்கப்படாமல் சாதி தன் வேலையை முடித்துவிடுகிறது.

நேர்முகத் தேர்வு வரை போவதற்கே தடை இருக்கிறது. சுக்தேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் செய்த சோதனை எளிமையானது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மொத்தம் 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் அனுபவமும் சமம். பெயர் மட்டும் வேறு. ஆதிக்க சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த விண்ணப்பதாரர்கள் யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆங்கிலம் சரியில்லை, உடல்மொழி சரியில்லை என்று காரணம் சொல்ல அங்கே இடமே இல்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் ஒழிந்தது. அது நம் இயக்கங்கள் பெற்ற பெரிய வெற்றி. ஆனால் பெயர் காட்டிக் கொடுக்காத இடத்தில் கேள்விகள் முளைக்கின்றன. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன வேலை, எந்தப் பள்ளி, விடுதியில் தங்கிப் படித்தீர்களா? இந்த ஐந்துக்கும் பதில் வந்தால் சாதிச் சான்றிதழைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இப்படி வடிகட்டியதன் விளைவை மேல்மட்டத்தில் பார்க்கலாம். இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2012-இல் வெளிவந்தது. 9,000-க்கும் அதிகமான உறுப்பினர்களில் சுமார் 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம். பிற்படுத்தப்பட்டோர் 3.8 சதவீதம். ஒரு நாட்டின் மக்கள்தொகையில் பெரும்பான்மையான பகுதியிடம் திறமையே இல்லை என்று நம்பினால் மட்டுமே இந்தக் கணக்கைத் 'தகுதி' என்று அழைக்க முடியும்.

தகுதி பற்றி மேலாண்மை ஆய்வுகளே சொல்வதைக் கேளுங்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக எமிலியோ கஸ்டில்லாவும் ஸ்டீபன் பெனார்டும் அமெரிக்காவில் மேலாளர் அனுபவம் உள்ளவர்களை வைத்துச் சோதனைகள் நடத்தினார்கள். 'எங்கள் நிறுவனம் தகுதியை மட்டுமே மதிக்கிறது' என்று அழுத்திச் சொல்லப்பட்டபோது, ஒரே அளவு திறமை காட்டிய ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் ஆணுக்கே அதிக ஊக்கத்தொகை ஒதுக்கினார்கள். நாம் நியாயமானவர்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், தன் சாய்வைச் சந்தேகிக்கும் பழக்கம் போய்விடுகிறது. 'எங்களிடம் சாதியே கிடையாது' என்று சொல்லும் அலுவலகத்தைப் பார்த்து நாம் ஏன் எச்சரிக்கையாக வேண்டும் என்பது இதில் விளங்கும்.

இடஒதுக்கீட்டால் வேலையின் தரம் கெடும் என்ற பழைய பாட்டுக்கும் பதில் இருக்கிறது. அஷ்வினி தேஷ்பாண்டேவும் தாமஸ் வைஸ்காப்பும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்தார்கள். இடஒதுக்கீட்டால் உற்பத்தித்திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உயர்பதவிகளில் அது உற்பத்தித்திறனைக் கூட்டியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகளே கிடைத்தன.

நிறுவனத்துக்குள் சாதி எப்படி இயங்குகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் மேலாண்மைப் பாடநூல்களுக்கு முன்பே பார்த்துவிட்டார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களுக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும் என்பதுதான் காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது இதை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். முதலாளி லாபம் ஒன்றையே பார்ப்பான், அவனுக்குச் சாதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த நெசவுப் பிரிவே பதில். சக தொழிலாளியும் அங்கே கதவை அடைத்து நின்றான் என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவு இருந்தும், நிறுவன நடத்தையியல் வகுப்பில் ஹாதோர்ன் ஆலைச் சோதனைகள் வரும், மாஸ்லோவின் தேவைப் படிநிலை வரும். சாதிப் படிநிலை வராது. பன்மைத்துவம் என்ற பாடத்தில் பாலினம் இருக்கும், அமெரிக்க இனப் பிரச்சினை இருக்கும். ஐ.ஐ.எம்.களில் தலித், பழங்குடி ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை பல்லாண்டுகள் நீடித்ததற்கும் இந்த மௌனத்துக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

2006-இல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய பேச்சு எழுந்தபோது, சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தொழிலதிபர்களின் சங்கங்கள் நடத்தை விதிகளை எழுதிக்கொண்டன. மேலே சொன்ன 2012 கணக்கு அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது. தனியார் துறை இடஒதுக்கீட்டுக்கான போராட்டம் தொடர வேண்டும். அதோடு, இப்போதே கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது: கணக்கு.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஒரு சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. அதில் எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள் என்ற கேள்வி இருக்கிறது. ஊழியர்களின் சாதிக் கணக்குக்குக் கட்டம் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்வோம். சாதியைக் கேட்பது தனிமனித உரிமையில் தலையிடுவது என்று மறுப்பு வரும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். விருப்பமுள்ளவர் தாமே தெரிவிக்கட்டும். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியர்களின் இனவாரிக் கணக்கை அரசிடம் தரும் முறையை அமெரிக்கா 1966-இலேயே தொடங்கியது. நேர்முகத்தில் அப்பாவின் தொழிலைத் துருவுபவர்களுக்குத் தனிமனித உரிமை திடீரென்று நினைவுக்கு வருவதுதான் வேடிக்கை.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலைகள். உங்கள் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவிடம், குடும்பம், ஊர், தந்தை தொழில் பற்றிய கேள்விகளை முகாமில் தடைசெய்யச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், வேலையோடு தொடர்புள்ள கேள்விகள் மட்டும் என்பதே நம் கோரிக்கை. அடுத்து, மேலாண்மை படிக்கிறவர்கள் ஆய்வேட்டுக்கு இதையே தலைப்பாக எடுங்கள். யாருக்கு அழைப்பு வந்தது, யாரிடம் என்ன கேட்டார்கள், யார் நின்றுபோனார்கள் என்று எழுதி வையுங்கள். நம்மைப் பற்றிய தரவுகளை நாம் திரட்டாவிட்டால், 'எங்களிடம் சாதி இல்லை' என்ற அவர்களின் ஒற்றை வாக்கியமே தரவாகிவிடும்.

ஜெய்பீம்.