தொற்றுநோய் நாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று எழுதுகிற நான் இம்முறை சற்று விலகி எழுதுகிறேன். காரணம் என் மகள்.

அவள் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். தோழி ஒருத்தியின் தேவாலயக் குழுவுடன் மூன்று கிழமை மேற்கு ஆபிரிக்காவில் ஒரு மிசன் வைத்தியசாலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். "அங்க ஏதும் தொற்று வந்தால் என்ன செய்யிறது?" என்று தாய் கேட்டார். "வந்தால்தான் அம்மா அங்க ஆக்கள் தேவை" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அதற்கு அவள் சொன்ன மறுமொழி: "அப்பா, நீங்களும் இப்பிடியான ஆக்களாலதானே தப்பினீங்கள்?"

அது உண்மை. 1990ல் மண்டபம் முகாமில் எனக்குக் கடும் வயிற்றோட்டம். வெள்ளை உடுப்புப் போட்ட கன்னியாஸ்திரி ஒருவர், தாதி, என்னைக் கவனித்தார். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். ஒருநாளும் மதம் பற்றிப் பேசவில்லை. எழும்பி நடக்கத் தொடங்கியதும், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சீனி என்று எனக்குக் காட்டித் தந்து, அடுத்த கொட்டிலில் இருந்தவர்களுக்கும் போய்ச் சொல்லச் சொன்னார். ஆகவே மிசனறிமாரைத் தூற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால் நல்ல மனது மட்டும் கிருமியைத் தடுக்காது. எபோலா உலகுக்குத் தெரியவந்ததே ஒரு மிசன் வைத்தியசாலையில்தான். 1976ல் சயர் நாட்டின் வடக்கே யம்புக்கு என்ற ஊரில் பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் ஒரு வைத்தியசாலையை நடத்தினார்கள். வைத்தியர் கிடையாது. காலையில் ஐந்து ஊசிகள் எடுத்து வைப்பார்கள். ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போடுவார்கள். மலேரியா என்று நினைத்து ஊசி போடப்பட்டவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோனார்கள். 318 பேருக்கு நோய், 280 பேர் மரணம். வைத்தியசாலையில் பணிபுரிந்த 17 பேரில் 11 பேர் இறந்தார்கள். அங்கே பிரார்த்தனைக்கோ பாசத்துக்கோ குறைவிருந்திருக்காது. ஊசிதான் போதவில்லை. வைத்தியசாலையை மூடியதும் தொற்று தணியத் தொடங்கியது என்பதை ஒரு வைத்தியனாக வாசிக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

1918ல் இன்னொன்று நடந்தது. கனடாவின் லாப்ரடோர் கரையில் மொறாவியன் மிசனின் கப்பல் சாமான் இறக்க வந்தது. கூடவே இன்புளுவென்சாவும் இறங்கியது. ஒக்காக் என்ற இனுயிற் குடியிருப்பில் 263 பேரில் 204 பேர் மாண்டார்கள். ஊரே கைவிடப்பட்டது. 2020ல் கொரோனா பரவியபோது, பிரேசிலின் ஜவாரிப் பள்ளத்தாக்குப் பழங்குடிகள் மிசனறிமாரை உள்ளே விடவேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனதும் நீதிபதி அதை ஏற்றதும் சரியே என்பது என் கருத்து. இதை மத விரோதம் என்று சொன்னவர்களுக்கு ஒக்காக் கதை தெரிந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லைபீரியாவின் தலைநகர் மொன்றோவியாவுக்கு அருகே எல்வா என்ற மிசன் வைத்தியசாலை இருக்கிறது. 2014ல் எபோலா வந்தபோது பல வைத்தியசாலைகள் கதவைப் பூட்ட, இவர்கள் தங்கள் சிற்றாலயத்தையே தனிமைப்படுத்தும் விடுதியாக மாற்றினார்கள். அங்கே கென்ட் பிரான்ட்லி என்ற அமெரிக்க வைத்தியர் இருந்தார். அவர் எபோலாவுக்காகப் போனவர் அல்லர். 2013 ஒக்டோபரிலேயே குடும்பத்தோடு போய் வேலை செய்துகொண்டிருந்தவர். நோய் வந்தபோது ஓடவில்லை, அவ்வளவுதான். ஜூலையில் அவருக்கும், கிருமிநீக்கம் செய்யும் பொறுப்பிலிருந்த நான்சி ரைற்போலுக்கும் தொற்றியது. இசற்மாப் என்ற பரிசோதனை மருந்து கொடுக்கப்பட்டு, விமானத்தில் அற்லாண்டாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இருவரும் பிழைத்தார்கள்.

அதே ஜூலையில் பக்கத்து நாடான சியெரா லியோனில் ஷேக் உமர் கான் என்ற வைத்தியர் எபோலாவால் இறந்தார். நாட்டில் இந்த வகைக் காய்ச்சலுக்கு முதன்மை நிபுணர் அவர்தான். அதே மருந்து அவர் படுத்திருந்த இடத்தில் இருந்தது. கொடுப்பதா விடுவதா என்று ஆலோசித்து, கொடுக்காமல் விட்டார்கள். பரிசோதித்து முடியாத மருந்து என்பதால் அந்த முடிவுக்கு நியாயம் சொல்லலாம்தான். ஆனாலும் யாருக்கு விமானம் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதை அகதியாக வந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அந்தத் தொற்றில் இறந்த 11,300க்கும் அதிகமானோரில் சுகாதாரப் பணியாளர் மட்டும் 500க்கு மேல். லைபீரியா தன் வைத்தியர், தாதியர், மருத்துவமாதரில் சுமார் 8 வீதத்தினரை இழந்தது.

எல்வாவில் கடைசிவரை நின்று பொறுப்பை நடத்தியவர் ஜெரி பிறவுண் என்ற லைபீரிய வைத்தியர். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. 1847ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1873ல் அவர் ஊர் திரும்பியபோது அவரிடம் படித்த வைத்தியர்கள் அங்கேயே இருந்தார்கள்.

இன்னொரு விடயம். தனிமை விடுதியில் கிடப்பவனுக்கு முகமூடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டுமே தெரியும். தண்ணீர் தருகிறவர் மதத்தைப் பற்றிப் பேசினால் "வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு எங்கே தைரியம்? அவன் கேட்டால் கையைப் பிடித்துச் செபியுங்கள், அது மருந்துதான். கேட்காதவனுக்குப் போதிப்பது கூடாது. இதில் எனக்கும் என் கிறிஸ்தவ நண்பர் சிலருக்கும் கருத்து வேற்றுமை உண்டு.

போகிறவர்கள் அறிய வேண்டியது: எபோலா காற்றால் பரவுவதில்லை. நோய்க்குறி தோன்றியவரின் இரத்தம், வாந்தி, மலம் போன்றவற்றாலும், பிரேதத்தைத் தொட்டுக் கழுவுவதாலும் பரவும். தொற்றியபின் 2 முதல் 21 நாட்களுக்குள் குறி தோன்றும். எனவே தொற்றுள்ள இடத்திலிருந்து திரும்பினால் 21 நாட்கள் காய்ச்சலை அளந்து பாருங்கள். காய்ச்சல் வந்தால் நேரே வைத்தியரிடம் போகாமல் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். சயர் வகை எபோலாவுக்கு 2019 முதல் அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி உண்டு. வேறு வகைகளுக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.

மகளுக்கு நான் சொன்னது இதுதான். மூன்று கிழமை என்பது அங்கே கட்டில் எந்தப் பக்கம், கழிவுவாளி எந்தப் பக்கம் என்று பழகவே போதாது. படித்து முடித்துவிட்டு ஒரு வருடத்துக்குப் போ, அந்த ஊர் வைத்தியருக்குக் கீழே வேலை செய். அவள் அரைமனதோடு கேட்டாள். பிறகு அந்தக் குழுவுக்கு மூன்று கேள்விகள் எழுதினாள். உங்களுக்கு மேலே பொறுப்பான உள்ளூர் வைத்தியர் யார்? கையுறையும் பாதுகாப்பு உடையும் நீங்களே கொண்டுபோகிறீர்களா, அல்லது அங்குள்ளதை எடுப்பீர்களா? எங்களில் ஒருவருக்கு நோய் வந்தால் செய்வதை உள்ளூர்த் தாதி ஒருவருக்கும் செய்வீர்களா?

முதலிரண்டுக்கும் பதில் வந்துவிட்டது, நல்ல பதில்தான். மூன்றாவதுக்காக இன்னும் காத்திருக்கிறாள்.